கூலியில்லாத குமாஸ்தாக்கள்

ஒரு தொழிலாளி குடும்பத்தின் மாதக் கணக்கில் அரிசி, பருப்பு, வாடகை, பள்ளிக்கூடச் செலவு, வைத்தியச் செலவு என்று பல இனங்கள் உண்டு. அவையெல்லாம் ரூபாயில் எழுதக்கூடியவை. ஆனால் எந்த நோட்டுப் புத்தகத்திலும் ஏறாத ஒரு செலவு கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் புகுந்துவிட்டது. அது நேரச் செலவு.

மின்சாரக் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. வீட்டு வரியும் தண்ணீர் வரியும் அரையாண்டுக்கு ஒரு முறை. செல்போன் ரீசார்ஜ் பெரும்பாலும் 28 நாளைக்கு ஒரு முறை. வீட்டில் மூன்று போன் இருந்தால் மூன்று தேதிகள். காஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்ய வேண்டும். சிலிண்டர் வரும்போது போனுக்கு வந்த ரகசிய எண்ணைச் சொல்ல வேண்டும். இன்ஷூரன்ஸ் பிரீமியம், சுய உதவிக் குழுவின் கடன் தவணை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், கேபிள் சந்தா எல்லாவற்றுக்கும் தனித்தனித் தேதி. இவற்றுக்கு மேல் பாங்குக் கணக்கின் கே.ஒய்.சி., பி.எப். கணக்கின் யு.ஏ.என்., ஆதார் திருத்தம், பான் கார்டு, ரேஷன் கார்டில் பெயர் சேர்த்தல், நீக்கல். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒரு கடவுச்சொல், ஓர் ஓ.டி.பி.

தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் ஐந்து நிமிஷ வேலை என்பார்கள். ஆனால் அந்த ஐந்து நிமிஷம், “சர்வர் வேலை செய்யவில்லை, பிறகு முயற்சிக்கவும்” என்ற ஒரு வரியில் அரை மணியாகிறது. பெயரில் ஓர் எழுத்து பிசகினால் அரை நாளாகிறது. கைரேகை பதியாவிட்டால் ஒரு நாள் கூலியே போகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு குடும்பம் இந்த வேலைகளுக்கு வாரத்துக்கு அரை மணி நேரம்தான் செலவிடுகிறது என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 26 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாள் கணக்கில் மூன்று நாளுக்கு மேல். தமிழ்நாட்டில் இரண்டு கோடிக் குடும்பங்கள் என்று கொண்டால் 52 கோடி மணி நேரம். அதாவது ஆறரைக் கோடி வேலைநாள். வருஷத்துக்கு 300 நாள் வேலை செய்யும் குமாஸ்தாக்களைக் கொண்டு இந்த வேலையைச் செய்து முடிக்க வேண்டுமானால், இரண்டு லட்சத்துக்கும் அதிகமான பேர் தேவை!

இரண்டு லட்சம் குமாஸ்தாக்களின் வேலையைச் சர்க்கார் இலாகாக்களுக்கும், பாங்குகளுக்கும், கம்பெனிகளுக்கும் சாமான்ய மக்கள் கூலி வாங்காமல் செய்து கொடுக்கிறார்கள். இதுதான் விஷயத்தின் சாரம்.

எட்டு மணி நேரம் எங்கே போயிற்று?

எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் உறக்கம், எட்டு மணி நேரம் நமக்கு. இந்தக் கோரிக்கைக்காகத்தான் 1886ல் சிக்காகோவில் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். 1923ல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். 1948ம் வருஷத்துப் பாக்டரிச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பை எழுத்தில் கொண்டுவந்தது.

அந்த வரம்பைப் பகிரங்கமாக மீற முயன்றபோதெல்லாம் தொழிலாளர்கள் எதிர்த்து நின்றார்கள். 2023 ஏப்ரல் 21ந் தேதி, 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. மூன்றே நாளில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று வாபஸ் அறிவிக்கப்பட்டது. வேலை நேரத்தைத் திருடுகிறவன் வாசல் வழியாக வந்தால் அவனைத் தடுக்க நமக்குத் தெரியும்.

ஆனால் இந்தத் திருட்டு வாசல் வழியாக வருவதில்லை. ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, “நமக்கு” என்று நாம் போராடிப் பெற்ற அந்த மூன்றாவது எட்டு மணி நேரத்திலிருந்து துளித் துளியாக உறிஞ்சப்படுகிறது. பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் நேரம் அது. பத்திரிகை படிக்கும் நேரம் அது. யூனியன் கூட்டத்துக்குப் போகும் நேரம் அது. அண்டை வீட்டாரோடு திண்ணையில் பேசும் நேரம் அது. அங்கே இன்று தாயும் தகப்பனும் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் ஆறு இலக்க எண் வருமா வராதா என்று காத்துக் கிடக்கிறார்கள்.

சேமிப்பு யாருக்கு?

முன்பு கவுண்டருக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா இருந்தார். ரசீது போட்டார். பதிவேட்டில் எழுதினார். பெயர் தவறாக இருந்தால் அடித்துத் திருத்தி முத்திரை குத்தினார். அவருக்குச் சம்பளம் உண்டு, லீவு உண்டு, பென்ஷனும் உண்டு. இன்று அந்த வேலை ஒழிந்துவிடவில்லை. அது இடம் மாறியிருக்கிறது. படிவத்தை நாமே நிரப்புகிறோம். பத்திரத்தை நாமே படம் எடுத்து ஏற்றுகிறோம். ரசீதை நாமே இறக்கிப் பாதுகாக்கிறோம். தவறு நேர்ந்தால் அதைக் கண்டுபிடிப்பதும் நம் பொறுப்பு, நிரூபிப்பதும் நம் பொறுப்பு.

இவான் இல்லிச் என்ற சிந்தனையாளர் 1981லேயே இப்படிப்பட்ட கூலியற்ற உழைப்புக்கு “நிழல் வேலை” என்று பெயர் வைத்தார். கவுண்டர் மூடப்படுகிறது, சம்பளச் செலவு மிச்சமாகிறது, அந்த மிச்சம் ஸ்தாபனத்தின் கணக்கில் லாபமாக ஏறுகிறது. வேலை மட்டும் நம் வீட்டுக்கு வந்து சேருகிறது. கட்டணம் குறைந்ததா? இல்லை. பல இடங்களில் “வசதிக் கட்டணம்” என்று மேலும் சில ரூபாய் கேட்கிறார்கள். நம் வேலையை நாமே செய்வதற்கு நம்மிடமே கட்டணம்!

ஆண்டுக்குப் பதின்மூன்று மாதம்

ஓர் உதாரணத்தைக் கவனியுங்கள். ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதம் என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் செல்போன் கம்பெனிகளின் பஞ்சாங்கம் வேறு. 28 நாள் ஒரு “மாதம்”. 13 முறை ரீசார்ஜ் செய்தால் 364 நாள். சம்பளம் வருவது பன்னிரண்டு முறை. ரீசார்ஜ் பதின்மூன்று முறை. தேதியும் ஒவ்வொரு மாதமும் நழுவிக்கொண்டே போகிறது. சம்பள நாளை ஒட்டி வைத்துக்கொள்ள வழியில்லை; நினைவில் வைத்துக்கொள்ளவும் வழியில்லை.

இந்த முறைகேட்டை டிராய் கவனிக்காமல் இல்லை. 2022 ஜனவரியில் அது பிறப்பித்த உத்தரவுப்படி, ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் திட்டம் ஒன்றையாவது, மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும். நல்லது. ஆனால் கடையில் கண்ணில் படும்படி விற்கப்படுவது எது? 28 நாள் திட்டம்தான். 2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் கட்டணத்தையும் உயர்த்தின. ரீசார்ஜ் செய்யத் தவறினால் போன் பேசாது என்பது மட்டுமல்ல இன்றைய நிலைமை. அந்த எண்ணுக்குத்தான் பாங்கின் ஓ.டி.பி. வருகிறது, காஸ் சிலிண்டரின் ரகசிய எண் வருகிறது, பி.எப். வாசலின் சாவியும் வருகிறது. போன் நின்றால் குடும்பமே நிற்கிறது. ஏழையின் வீட்டுச் சாவி கம்பெனியின் கையில் இருக்கிறது!

உத்தரவு அவர்களுடையது, அலைச்சல் நம்முடையது

2017ல் பாங்குக் கணக்கையும் செல்போன் எண்ணையும் ஆதாருடன் இணைக்க வேண்டும் என்று நாடு முழுவதும் மக்கள் விரட்டப்பட்டார்கள். 2018 செப்டம்பர் 26ந் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது: மானியத்துக்கும் பான் கார்டுக்கும் ஆதார் செல்லும், பாங்குக் கணக்குக்கும் செல்போனுக்கும் கட்டாயப்படுத்தியது செல்லாது. சரி, உத்தரவு செல்லாமல் போயிற்று. ஆனால் அந்தச் செல்லாத உத்தரவுக்காகக் கோடிக்கணக்கான மக்கள் வரிசையில் நின்ற நேரத்தை யார் திருப்பிக் கொடுத்தார்கள்?

2022 நவம்பரில் தமிழ்நாட்டில் மின் இணைப்பு எண்ணை ஆதாருடன் இணைக்கச் சொன்னார்கள். வாடகை வீட்டில் இருப்போர், இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறதே, யாருடைய ஆதாரைக் கொடுப்பது என்று திகைத்தார்கள். 100 யூனிட் இலவசம் போய்விடுமோ என்று பயந்தார்கள். டிசம்பர் 31 கடைசி நாள் என்றார்கள். பிறகு ஜனவரி 31 என்றார்கள். பிறகு பிப்ரவரி 15. பிறகு பிப்ரவரி 28. இப்படித் தள்ளிக்கொண்டே போக முடியுமென்றால், முதல் தேதியை அவ்வளவு அவசரமாக அறிவித்து ஜனங்களைப் பதறவைத்தது எதற்காக? இணைக்கச் சிறப்பு முகாம்கள் வைத்தார்கள் என்பது உண்மை. வைத்ததால்தான் வேலை நடந்தது என்பதும் உண்மை. அந்த உண்மையைப் பின்னால் கவனிப்போம்.

தவறினால் அபராதம்

மக்கள் ஒரு தேதியைத் தவறவிட்டால் என்ன ஆகிறது? பான் கார்டை ஆதாருடன் இணைக்க 2023 ஜூன் 30 கடைசி நாள். தாமதித்தவர்களுக்கு 1,000 ரூபாய் அபராதம். 2023 ஜூலை முதல் 2024 ஜனவரி முடிய ஏழே மாதத்தில் இந்த வகையில் வசூலான தொகை சுமார் 602 கோடி ரூபாய் என்று மத்திய சர்க்காரே பார்லிமெண்டில் சொல்லியிருக்கிறது. இதில் பெரும் பணக்காரர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அவர்களுக்கு ஆடிட்டர் இருக்கிறார். தேதியைத் தவறவிடுகிறவர் யார்? செய்தி எட்டாதவர், எட்டினாலும் நேரம் கிடைக்காதவர்.

பாங்குகளின் கதை இதைவிட மோசம். குறைந்தபட்ச இருப்பு இல்லை என்பதற்காகப் பொதுத்துறை பாங்குகள் 2019-20 முதல் 2023-24 வரை ஐந்து ஆண்டுகளில் வசூலித்த அபராதம் ஏறத்தாழ 8,500 கோடி ரூபாய். இதுவும் பார்லிமெண்டில் தரப்பட்ட கணக்கே. கணக்கில் பணம் இல்லாதவனிடம், பணம் இல்லாத குற்றத்துக்காகப் பணம் பறிப்பது எந்த நியாயம்? 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டில் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் பாங்குக் கணக்குகளில் செலுத்தப்பட்டபோது, சில பாங்குகள் அதிலேயே கைவைத்ததாகப் புகார்கள் எழுந்தன. மாநில நிதி மந்திரி பகிரங்கமாக எச்சரிக்க வேண்டி வந்தது.

ஸ்டேட் பாங்கு 2020ல் இந்த அபராதத்தை நீக்கியது. கனரா பாங்கு, பஞ்சாப் நேஷனல் பாங்கு, இந்தியன் பாங்கு முதலியவை 2025ல் நீக்கின. நீக்கியதால் அவை திவாலாகிவிடவில்லை. அப்படியானால் இத்தனை ஆண்டுகள் வசூலித்தது அவசியத்தால் அல்ல, கேட்பாரில்லாததால்தான்.

தமிழன் பெயரும் யந்திரத்தின் படிவமும்

தமிழ்நாட்டு மக்களுக்கு இதில் தனியான ஒரு கஷ்டமும் உண்டு. நம் பெயருக்கு முன்னால் தகப்பனார் பெயரின் முதலெழுத்துத்தான் உண்டு. குடும்பப் பெயர் என்பது நம்மில் பெரும்பாலோருக்கு இல்லை. ஆனால் படிவம் கேட்கிறது: முதற் பெயர் என்ன, கடைசிப் பெயர் என்ன? ஒருவருக்கு ஆதாரில் “எஸ். முருகன்”, பான் கார்டில் “முருகன் சுப்பையா”, பாங்கில் “முருகன் எஸ்”, பி.எப். கணக்கில் வெறும் “முருகன்” என்று நான்கு பெயர் வந்துவிடுகிறது. மனிதர் ஒருவர்தான். ஊரில் யாரைக் கேட்டாலும் தெரியும். யந்திரத்துக்கு மட்டும் அவர் நான்கு பேர்.

பி.எப். பணத்தை மகள் கல்யாணத்துக்கு எடுக்க நினைக்கும்போதுதான் இந்த விவகாரம் வெளிப்படுகிறது. முதலாளியிடம் கையெழுத்து, ஆதார் மையத்தில் திருத்தம், மறுபடியும் மனு. ஆதாரில் பெயர் அல்லது விலாசம் திருத்த 50 ரூபாயாக இருந்த கட்டணம் 2025 அக்டோபர் 1 முதல் 75 ரூபாய். கைரேகை புதுப்பிக்க 100 ரூபாயாக இருந்தது 125 ரூபாய். கட்டணத்தைவிடப் பெரிது, அதற்காக இழக்கும் ஒரு நாள் கூலி. கட்டிடத் தொழிலாளியின் விரலும், தீப்பெட்டித் தொழிலாளியின் விரலும், துணி துவைக்கும் பெண்ணின் விரலும் உழைத்துத் தேய்ந்திருக்கின்றன. ரேகை தேய்ந்தது அவர்கள் குற்றமா?

பெண்களின் தோளில்

இந்தப் பாரம் வீட்டுக்குள் வந்ததும் யார் தோளில் இறங்குகிறது? மத்திய சர்க்காரின் புள்ளிவிவர இலாகா 2024ல் நடத்திய நேரப் பயன்பாட்டு சர்வேயின்படி, கூலியில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிஷம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிஷம். 2019ல் இது 299 நிமிஷமாகவும் 97 நிமிஷமாகவும் இருந்தது. சமையலுக்கும் துவையலுக்கும் மேல், காஸ் பதிவு, ரேஷன் கடைக் கைரேகை, குழுக் கடன் தவணை, பள்ளியிலிருந்து வரும் போன் செய்தி, எல்லாம் பெரும்பாலும் பெண்கள் தலையில்தான்.

இந்த சர்வேயிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வீட்டு பில் கட்டுவது சர்வதேச வகைப்பாட்டில் தனியொரு வேலையாகவே குறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் நாளை அரை மணிக் கூறுகளாகப் பிரித்து, பத்து நிமிஷமும் அதற்கு மேலும் நடக்கும் வேலைகளைத்தான் இங்கே பதிவு செய்கிறார்கள். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது ஓ.டி.பி.க்காகக் காத்திருந்த நாலு நிமிஷம் எந்தக் கட்டத்திலும் ஏறாது. ஒரு நாளில் அப்படி ஐந்து நாலு நிமிஷங்கள் வந்தாலும் ஏறாது. பெண்ணின் நேரம் வீட்டில்தான் கணக்கில்லை என்றால், சர்க்கார் கணக்கிலும் இல்லை!

முதியோர் நிலையும் இப்படித்தான். உயிரோடு இருப்பதாக ஆண்டுதோறும் சான்று தந்தால்தான் பென்ஷன். வீட்டிலிருந்தே முகத்தைக் காட்டிச் சான்று தரலாம் என்கிறார்கள். அதற்கு நல்ல போன் வேண்டும்; உடனிருந்து உதவ ஓர் ஆள் வேண்டும். பேரன் கோயம்புத்தூரிலோ ஓசூரிலோ வேலையில் இருக்கிறான். அவன் லீவில் வரும்வரை தாத்தாவின் உயிர் சந்தேகத்தில் நிற்கிறது.

மோசடிக்காரனுக்குத் திறந்த கதவு

ஜனங்களை எந்நேரமும் “கடைசி நாள்”, “உடனே இணைக்கவும்”, “இல்லையேல் துண்டிக்கப்படும்” என்ற பயத்திலேயே வைத்திருந்தால் அதன் பலன் என்ன? உண்மையான எச்சரிக்கைக்கும் பொய்யான எச்சரிக்கைக்கும் பேதம் தெரியாமல் போகிறது. “முந்திய மாத பில் பதிவாகவில்லை, இன்றிரவு 9.30 மணிக்கு மின்சாரம் துண்டிக்கப்படும்; இந்த எண்ணுக்குப் பேசவும்” என்று வந்த பொய்ச் செய்தியை நம்பிப் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் நாடெங்கும் உண்டு. 2024ல் மட்டும் இணையவழி மோசடிகளில் இந்திய மக்கள் இழந்த தொகை 22,845 கோடி ரூபாய் என்பது மத்திய சர்க்கார் பார்லிமெண்டில் தந்த கணக்கு. 2023ல் இழந்ததைப்போல் இது மூன்று மடங்கு.

இதற்கும் “ஜாக்கிரதையாக இருங்கள்” என்று ஜனங்களுக்கே உபதேசம் செய்கிறார்கள். பணம் போனால் 1930க்குப் போன் செய்வது, போலீஸில் புகார் கொடுப்பது, பாங்குக்கு எழுதுவது எல்லாம் மறுபடியும் பறிகொடுத்தவரின் வேலை.

“வரிசை ஒழிந்ததே!” என்ற வாதம்

இதைச் சொன்னால் சிலர் கேட்பார்கள்: “மின்சார ஆபீஸில் கால் கடுக்க நின்ற காலத்தை மறந்துவிட்டீர்களா? இன்று விரலால் தொட்டால் பணம் போய்ச் சேருகிறதே!”

மறக்கவில்லை. 2016ல் துவங்கிய யு.பி.ஐ. முறையில் 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடி தடவை பணம் கைமாறியிருக்கிறது. பூக்காரிக்கும் டீக்கடைக்காரருக்கும் சில்லறைத் தொல்லை தீர்ந்திருக்கிறது. வெளியூரில் வேலை செய்யும் மகன் மணி ஆர்டருக்குக் காத்திராமல் தாய்க்குப் பணம் அனுப்புகிறான். இதையெல்லாம் குறை சொல்லுகிறவன் மூடன். யந்திரம் நமக்கு விரோதி அல்ல.

ஆனால் கேள்வி வேறு. யந்திரம் மிச்சப்படுத்திய நேரம் யாரிடம் போய்ச் சேர்ந்தது? வரிசையில் நின்றவர் ஒரு மணி நேரம் நின்றார். வேலை முடிந்து ரசீதோடு வீட்டுக்குப் போனார். இன்று வரிசை கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒவ்வொருவரும் தனியாக, தன் வீட்டில், தன் போனுக்கு முன்னால் நிற்கிறார்கள். பழைய வரிசையில் நின்றவர்களாவது ஒருவரோடொருவர் பேசினார்கள். கவுண்டர் திறக்கவில்லையென்றால் சேர்ந்து சத்தம் போட்டார்கள். இன்றைய வரிசையில் ஒவ்வொருவரும், “எனக்குத்தான் தெரியவில்லை போலிருக்கிறது” என்று தன்னையே நொந்துகொள்கிறார்கள். இதில் ஆதாயம் அடைகிறவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

செய்ய முடியாததா?

மாற்ற முடியாத விதி எதுவும் இதில் இல்லை. முன்னுதாரணங்கள் நம் கண்முன்னே இருக்கின்றன.

பணம் அனுப்பியது தவறிப்போய், குறித்த நாளுக்குள் திரும்ப வராவிட்டால், வாடிக்கையாளருக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் பாங்கு கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் பாங்கு 2019 செப்டம்பரில் உத்தரவிட்டது. மனு போடாமலே கொடுக்க வேண்டும் என்பதும் அந்த உத்தரவில் உண்டு. ஜனங்களின் நேரத்துக்கு விலை உண்டு, அந்த விலையைத் தாமதம் செய்தவர்தான் கொடுக்க வேண்டும் என்ற தத்துவம் அன்றே ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது. பாங்குக்கு ஒரு நியாயம், மற்றவர்களுக்கு வேறு நியாயமா?

2014-15ல் திறந்த ஜன் தன் கணக்குகளுக்குப் பத்து ஆண்டு முடிந்து கே.ஒய்.சி. புதுப்பிக்கும் காலம் வந்தபோது, 2025 ஜூலை முதல் செப்டம்பர் வரை பாங்குகள் கிராமப் பஞ்சாயத்துகளில் முகாம் நடத்தின. புதுப்பிக்கும் முன் மூன்று முறை அறிவிப்பு தர வேண்டும், அதில் ஒன்றாவது கடிதமாக இருக்க வேண்டும் என்றும் ரிசர்வ் பாங்கு சொல்லிற்று. ஆக, ஆபீஸ் ஜனங்களைத் தேடி வர முடியும்! மனம் இருந்தால் வழி உண்டு.

சேருவதைச் சுலபமாக்கி, விலகுவதைக் கஷ்டமாக்கும் சந்தாக் கண்ணியை, 2023 நவம்பரில் வெளியான மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணைய விதிகள் முறைகேடான தந்திரங்களின் பட்டியலில் சேர்த்திருக்கின்றன. அமெரிக்காவிலும் விலகுவதைச் சுலபமாக்கும் விதி ஒன்று 2024 அக்டோபரில் வந்தது. விதி செய்த முறையில் குறை கண்டு அப்பீல் கோர்ட் ஒன்று 2025 ஜூலையில் அதை ரத்து செய்துவிட்டது. அங்கும் இங்கும் போராட்டம் ஒன்றுதான். 2025 ஏப்ரல் 30ந் தேதி நம் சுப்ரீம் கோர்ட், ஆசிட் வீச்சால் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றவர்களும் தொடுத்த வழக்கில், டிஜிடல் சேவையை எட்டும் உரிமை வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்திருக்கிறது. கண் சிமிட்டிக் காட்டு என்று யந்திரம் கேட்டபோது சிமிட்ட முடியாதவர்களின் கதி என்ன என்பதுதான் அந்த வழக்கு. அவர்கள் கேட்ட கேள்வி நம் எல்லோருடைய கேள்வியும் ஆகும்.

நமது கோரிக்கைகள்

ஆகவே, கீழ்க்கண்டவற்றை வற்புறுத்துவது அவசியமென்று கருதுகிறோம்.

ஒன்று: மின்சாரம், தண்ணீர், வரி, பாங்கு, காஸ், பி.எப். ஆகிய அத்தியாவசியச் சேவைகள் எல்லாவற்றிலும் மனிதர் உட்கார்ந்திருக்கும் கவுண்டர் நீடிக்க வேண்டும். அங்கே ரொக்கமும் வாங்க வேண்டும். காலியிடங்களில் நிரந்தர ஊழியரை நியமிக்க வேண்டும். கவுண்டருக்கு வருவதற்காகவோ வராமல் இருப்பதற்காகவோ கூடுதல் கட்டணம் கூடாது.

இரண்டு: ஒரு சர்க்கார் இலாகா ஏற்றுக்கொண்ட பெயரையும் விலாசத்தையும் மற்ற இலாகாக்கள், சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு, தாமே திருத்திக்கொள்ள வேண்டும். முதலெழுத்து முன்னால் வந்ததா பின்னால் வந்ததா என்பதற்காக ஒருவருடைய பணத்தை நிறுத்தி வைக்கக்கூடாது.

மூன்று: தமிழில், எழுத்து மூலமாக, போதிய அவகாசத்தோடு அறிவிப்புத் தராமல் எந்த அபராதமும் விதிக்கக்கூடாது, எந்தக் கணக்கையும் முடக்கக்கூடாது, எந்த இணைப்பையும் துண்டிக்கக்கூடாது.

நான்கு: தாமதமும் தவறும் ஸ்தாபனத்தின் பக்கம் இருந்தால், நாளொன்றுக்கு இவ்வளவு என்று ஈட்டுத் தொகை, மனு இல்லாமலே கொடுக்க வேண்டும். ரிசர்வ் பாங்கின் 2019 உத்தரவை மற்றத் துறைகளுக்கும் விஸ்தரிக்க வேண்டும்.

ஐந்து: செல்போன் ரீசார்ஜ் மாதாமாதம் ஒரே தேதி என்பதே பொது விதியாக வேண்டும். 28 நாள் மாதம் ஒழிய வேண்டும். எந்தச் சந்தாவானாலும் சேர்ந்த வழியிலேயே, சேர்ந்த அதே நேரத்தில் விலக முடிய வேண்டும்.

ஆறு: கைரேகை, ஆதார், பி.எப். வேலைகளுக்காகத் தொழிலாளி போக வேண்டியிருந்தால் அது சம்பளத்துடன் கூடிய நேரமாக இருக்க வேண்டும். முகாம்கள் வேலைத்தலங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் மாலை நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வர வேண்டும்.

ஏழு: புதிய “இணைப்பு” உத்தரவு எதையும் பிறப்பிக்கும் முன், அதற்கு ஜனங்கள் எத்தனை மணி நேரம் செலவிட வேண்டும் என்ற கணக்கைச் சர்க்கார் வெளியிட வேண்டும். பட்ஜெட்டில் ஒவ்வொரு காசுக்கும் கணக்குக் காட்டுகிறவர்கள், மக்கள் நேரத்தின் மீது போடும் இந்த வரிக்கும் கணக்குக் காட்டட்டும்.

இவற்றில் எதுவும் அசாத்தியமானதல்ல. ஆனால் தாமாக வரக்கூடியதுமல்ல. எட்டு மணி நேர வேலைநாளை எந்த முதலாளியும் தட்டில் வைத்து நீட்டவில்லை.

தொழிற்சங்கங்கள் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் இதைச் சேர்க்கட்டும். மாதர் சங்கங்கள் வட்டாரந்தோறும் எந்தக் கவுண்டர் மூடப்பட்டது, எந்த மையத்தில் எத்தனை மணி நேரம் காக்க வேண்டியிருக்கிறது என்று கணக்கெடுக்கட்டும். வாலிபர்கள் மாலை நேரத்தில் படிப்பகங்களில் உட்கார்ந்து முதியோருக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கட்டும். அதோடு நில்லாமல், நிரப்ப முடியாமல் போன படிவங்களின் பட்டியலைக் கலெக்டர் ஆபீஸுக்கும் பாங்கு மானேஜருக்கும் கொண்டுபோகட்டும். தனித்தனியாக நொந்துகொண்டிருக்கும் குரல்கள் ஒன்றுசேரட்டும்.

உழைப்பவனின் கூலியைக் குறைப்பது சுரண்டல் என்று எல்லோருக்கும் தெரியும். அவன் ஓய்வைக் குறைப்பதும் சுரண்டல்தான். மூன்றாவது எட்டு மணி நேரம் நம்முடையது. அதை மீட்டே தீர வேண்டும்!